பதினெட்டாவதாக வந்த ஒஸ்ரின்

நல்லூரில் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ஒஸ்ரினில்தான் வந்து நிற்கும். ஏ40 டெவன், சோமசெற், அதற்குப் பிறகு வந்த கேம்பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருப்பார்கள். கலியாணக் காராகவும் வாடகைக் காராகவும் பருத்தித்துறை வீதியில் ஓடிய இந்த வண்டிகளை நாங்கள் வேகத்துக்காக மெச்சியதில்லை. போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்காக மெச்சினோம். அந்த ரசனையோடு பார்க்கும்போது, கிராண்ட் பிரி ஓட்டங்களின் தொடக்க காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1908ஆம் ஆண்டின் பிரெஞ்சு கிராண்ட் பிரி. அதில் வென்றது மெர்சிடிஸ். என் மனம் பதினெட்டாவதாகவும் பத்தொன்பதாவதாகவும் வந்த இரண்டு ஒஸ்ரின்களிடம்தான் போகிறது.

பிரான்சின் வட கரையில் உள்ள தியெப் நகரை ஒட்டிய ஊர் வீதிகளில், ஜூலை 7ஆம் திகதி அந்த ஓட்டம் நடந்தது. முக்கோணமாக வளைந்து வரும் ஒரு சுற்று ஏறக்குறைய 77 கிலோமீற்றர். நல்லூரில் புறப்பட்டால் ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்கும் அப்பால் போய்விடும் தூரம். அப்படிப் பத்துச் சுற்று, மொத்தம் 770 கிலோமீற்றர். கண்ணாடி மறைப்பு இல்லாத திறந்த வண்டி. பிரேக் பின்சில்லுகளுக்கு மட்டும். சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் குந்தியிருப்பார். எண்ணெய் பம்ப் பண்ணுவதும், பின்னால் எந்த ரயர் கிழிகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் அவர் வேலை. ரயர் போனால் அந்த இரண்டு பேரும்தான் இறங்கி மாற்ற வேண்டும், வேறு கை படக்கூடாது.

அன்றைக்கு வீதி ரயர்களைத் தின்றது. பெயர்ந்த கற்கள் தோட்டா மாதிரிப் பறந்தன. பென்ஸ் ஓட்டிய ஹெமெரி போட்டிருந்த காப்புக் கண்ணாடியை ஒரு கல் உடைத்து, உடைந்த துண்டு கண்ணுக்குள் போனது. அவர் அப்படியே ஓட்டி இரண்டாவதாக வந்தார். பனார் வண்டியில் வந்த சிஸாக்கும் அவருடைய மெக்கானிக்கும் விபத்தில் இறந்துபோனார்கள். வென்ற லௌட்டன்ஷ்லாகர் மெர்சிடிஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பெரிய ஓட்டமொன்றில் சாரதியாக இறங்கியது அதுதான் முதல் தடவை. மணிக்கு 111 கிலோமீற்றர் சராசரியில், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடி முடித்தார். கடைசிச் சுற்றுகளில் மாற்று ரயர் தீர்ந்துவிடும் என்ற நிலையில் ஓடிய ஓட்டம் அது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் எஞ்சினைப் பாருங்கள். அந்த வருட விதி சிலிண்டரின் விட்டத்துக்குத்தான் எல்லை போட்டது. நாலு சிலிண்டருக்கு 155 மில்லிமீற்றர், ஆறு சிலிண்டருக்கு 127. பிஸ்டன் ஏறி இறங்கும் நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. மெர்சிடிஸ்காரர் அந்த நீளத்தை 170 வரை கொண்டுபோய், 12.8 லீற்றர் கொள்ளளவு எடுத்தார்கள். ஹேர்பேட் ஒஸ்ரினோ ஆறு சிலிண்டர் போட்டு, விட்டமும் 127, நீளமும் 127 என்று சதுரமாக வைத்தார். 9.7 லீற்றர்தான் கிடைத்தது. விதியின் இடைவெளிக்குள் புகுந்து பலம் தேடவில்லை, தான் விற்கிற 60 குதிரைவலுக் காரின் குணத்தை விடாமல் வந்தார். லோங்பிரிட்ஜில் அவர் தொழிற்சாலை தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். முந்த முடியாத வண்டிகள் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் ஆறு சிலிண்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக வெடிக்கும்போது எஞ்சின் தன்னைத் தானே உலுக்கிக்கொள்வதில்லை. பெரிய நாலு சிலிண்டர்கள் ஒவ்வொரு வெடிப்புக்கும் வண்டியின் சட்டத்தையே அடித்து நொறுக்கிய காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

மூன்று ஒஸ்ரின்கள் இறங்கின. வோரிக் றைற்றின் வண்டி இடையில் நின்றது. மூர்-பிரபசன் பதினெட்டாவது, டாரியோ ரெஸ்ற்றா பத்தொன்பதாவது. 48 வண்டிகள் புறப்பட்ட ஓட்டத்தில், பிரித்தானியத் தயாரிப்புகளில் முடிவுக் கோட்டைத் தாண்டியவை இவை இரண்டும்தான். மூர்-பிரபசன் பிறகு விமானத்துக்குத் தாவி, 1910இல் பிரித்தானியாவின் முதலாம் இலக்க விமானிச் சான்றிதழைப் பெற்றார். ரெஸ்ற்றா 1916இல் இண்டியானாபொலிஸில் வென்றார்.

பலத்தைப் பிழிந்தெடுக்காத ஒஸ்ரினின் அந்தக் குணம் எங்கே போய் விளைந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். 1990க்குப் பிறகு, போரினால் பெற்றோல் தடையான வருடங்களில், இங்கே ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே முதலில் காபிறேற்றருக்குள் கொஞ்சமாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாற்றும் அந்தக் கணத்தைக் காது சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தினால் இருமி நிற்கும், பிந்தினால் கிடைத்தற்கரிய பெற்றோல் வீண். புகையின் நிறத்தைப் பார்த்து, தட்டும் சத்தத்தைக் கேட்டு இக்னிஷனைத் திருத்திய எங்கள் கராஜ்காரருடைய கை, எந்த ஓட்டக் களத்திலும் நின்று மதிக்கத்தக்க கை. ஏ40இன் அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்றுத்தான் மேல். உயர்ந்த அழுத்தத்தில் பிழிந்து பலம் எடுக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயைக் குடித்தால் தட்டித் தட்டியே பிஸ்டனை உடைத்துக்கொள்ளும். அளவோடு கேட்கிற எஞ்சின் பொறுத்துக்கொண்டது. தியெப்பில் பின்தங்க வைத்த அதே நிதானம்தான் இங்கே நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று நான் நினைக்கிறேன்.

ஒஸ்ரினுக்கு வேகம் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1923இல் மொன்சாவில் நடந்த சிறுவண்டிகளுக்கான இத்தாலியக் கிராண்ட் பிரியை ஒஸ்ரின் செவன் வென்றது. ஓட்டியவர் ஹேர்பேட் ஒஸ்ரினின் மருமகன் ஆதர் வெயிற்.

1908 ஓட்டத்துக்கென்று செய்த ஒஸ்ரின்களில் ஒன்று இன்னும் இருக்கிறது, இங்கிலாந்தின் கேய்டன் ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில். பேர்மிங்காம் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய்ப் பார்க்க வேணும். சாரதி ஆசனத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதேயுங்கோ. இடப்பக்கம், மெக்கானிக் குந்தியிருந்த இடத்தை வடிவாகப் பாருங்கோ. 770 கிலோமீற்றரும் அந்த ஆள் பிடித்துக்கொள்ள என்ன இருந்தது என்று தேடிப் பாருங்கோ.