குரல்தான் முகம்: 'கோமாளிகள்' பற்றி ஒரு குறிப்பு

சீசன் சமயத்தில் ஒரு வாரம் தென்காசி வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. படிக்க முடியவில்லை, டிவி வெளிச்சமும் கூசியது. சரி, பொழுது போகட்டும் என்று மொபைலில் ஒரு ஒலி நாடகம் போட்டுக் கொடுத்தேன். பத்தே நிமிஷம். நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"யாரு பேசுதான்னே தெரியலப்பா. எல்லாம் ஒரே ஆளு மாதிரில்லா இருக்கு."

எழுபதுகளில் இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' கேட்டுக்கொண்டே சோற்றைக் குழையவிட்டவள் இதே அம்மாதான். ஆச்சி கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

வானொலித் தொடர் ஏன் ஆளை விடாமல் பிடித்துக்கொள்கிறது? 'அடுத்து என்ன ஆகும்' என்ற முடிச்சுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனா கோமாளிகள் நகைச்சுவை நாடகம், மர்மக்கதை இல்லை. எஸ். ராம்தாஸின் மரைக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். உபாலியுடையது சிங்களச் சாயல் கொண்ட தமிழ். ஒரு வரி காதில் விழுந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். வானொலியில் பேச்சுவழக்குதான் முகம்.

1976இல் இது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. பாத்திரத்தின் பெயர் நடிகர்களோடு ஒட்டிக்கொண்டது: மரைக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன்.

1938 அக்டோபர் 30இல் ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க்காரர்களின் படையெடுப்பை நாடகமாக ஒலிபரப்பியதும் இந்த வகைதான். அமெரிக்காவே பீதியில் ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. ஆனாலும் நம்பிப் பயந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நம்பவைத்தது செய்தி வாசிப்பவரின் தொனி.

வழக்கை வைத்துச் சிரிக்கவைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கொஞ்சம் தவறினால் அந்த மக்களையே கேலி செய்வதாகிவிடும். கோமாளிகளுக்கும் இது பொருந்தும். அதற்காக எல்லோர் வாயிலும் ஒரே தமிழைத் திணித்தால் ஆளே இல்லாமல் போய்விடும். அம்மாவுக்கு நான் போட்ட நாடகத்தில் இடி, மழை, கதவுச் சத்தம் எல்லாம் அவ்வளவு துல்லியம். மனுஷங்க மட்டும் ஒரே மாதிரி பேசினாங்க. எங்க சாஃப்ட்வேர் ஆட்கள் அடுத்த பாகத்தைத் தானாக ஓடவைக்கலாம். கேட்க வைக்க முடியாது.

அன்று ராத்திரி அம்மா மரைக்கார் மாதிரியே பேசிக் காட்டினாள். கதை என்னம்மா என்று கேட்டேன்.

"கதையா? அது யாருக்கு ஞாபகம் இருக்கு!"