கொழுந்துக்காக எழுந்த மாடிகள்

இலங்கை மலையகத்தின் மாடிக் கட்டடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தயங்காமல் தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைத்தான் சொல்வேன். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று போகும் வழியெங்கும் பச்சைச் சரிவுகளின் நடுவே வெள்ளிப் பூச்சுத் தகரச் சுவர்களோடு மூன்று, நான்கு மாடிக்கு நிமிர்ந்து நிற்கும். அலங்காரத்துக்கென்று ஓர் ஆணிகூட அதில் அடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படி ஓர் அழகு!

அந்த உயரத்துக்குக் காரணம் கொழுந்துதான். பறித்து வந்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். ஈரம் இறங்கித் துவண்டால்தான் உருளையில் நொறுங்காமல் சுருளும். அதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும், நிறைய இடமும் வேண்டும். மலைச்சரிவில் சமதரைக்கு எங்கே போவது? மாடிமேல் மாடியாக எழுப்பினார்கள். அங்கே அடுக்கடுக்காகச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பினார்கள். வாடிய கொழுந்து தளத்தின் துவாரம் வழியே நேரே கீழ்த்தளத்து உருளைகளுக்கு இறங்கியது.

சன்னல் வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவு, ஒரே இடைவெளி. வெயில் நாளில் அவற்றைத் திறந்துவிட்டால் மலைக்காற்றே வேலையை முடித்துவிடும். மழை நாளில் அடைத்துவிட்டு, கீழ்த்தள அடுப்பின் சூட்டை மாடிக்கு ஏற்றி, ஆளுயர விசிறிகளால் கொழுந்தின் ஊடே ஓட்டுவார்கள். கட்டடம் முழுவதுமே ஓர் இயந்திரம்.

பிற்காலத்தில் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தன. சாக்குத் தட்டுகளின் காலம் முடிந்தது. ஆனாலும் பழைய ஸ்டோருக்கு மறுவாழ்வு கிடைப்பதும் உண்டு. கந்தப்பளையில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. தகரச் சுவரும் சன்னல் வரிசையும் இரும்புத் தூண்களும் அப்படியே இருக்கின்றன. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று விருந்தினர் அறைகள். பழைய இயந்திரத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கொழும்பின் கண்ணாடிக் கோபுரங்களிலும் அலுவலகங்கள் மாடிமேல் மாடியாகத்தான் இருக்கின்றன. ஆனால் மின்சாரம் நின்றால் அங்கே மூச்சு முட்டும். எந்தத் திசைக் காற்றை எங்கே உள்ளே விடுவது என்ற பாடத்தை நம் கட்டடக் கலைஞர்கள் இந்த ஸ்டோர்களில் படிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொழுந்துக்கு இத்தனை சன்னல் வைத்த அதே தோட்டங்கள், அதைப் பறித்தவர்களுக்குக் கொடுத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறை. காற்றோட்டம் பற்றிய அந்த அறிவு ஸ்டோர் வாசலோடு நின்றுபோனது. இனியாவது, மூடிக்கிடக்கும் ஸ்டோர்களை இரும்பு விலைக்கு உடைத்து விற்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நூலகமாகவும் தொழிற்பயிற்சிக் கூடமாகவும் திறந்துவிடுங்கள். அந்த வெளிச்சத்திலும் காற்றிலும் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.