உப்புக் காற்றுக்குத் தாங்குமா தூண்டில் பெட்டி?

தூண்டில் சாமான் வைக்கும் பெட்டிக்கு உலகம் முழுக்க ஓர் அளவு நிலைத்துவிட்டது. கடைக்காரர்கள் ‘3700’ என்பார்கள். ஏறக்குறைய 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குல உயரம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக், நகர்த்தி மாட்டக்கூடிய தடுப்புகள், முன்பக்கம் இரண்டு கொண்டி. அமெரிக்காவின் பிளானோ கம்பெனி பரப்பிய அளவு இது. இன்று பெயரே போடாமல் வரும் சீனப் பெட்டியும் அதே அச்சில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஏரியிலும் அணையிலும் ‘பாஸ்’ மீன் பிடிக்கிறவர்கள் ‘லூர்’ எனும் பொய் இரைகளை இனம் பிரித்து அடுக்கிக்கொள்ள வந்த ஏற்பாடு. ஏரித் தண்ணீரில் நனைந்த லூரை அப்படியே உள்ளே போட்டு மூடினாலும் உடனே குடி முழுகிவிடாது. அதே பெட்டியை ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ வைத்துப் பாருங்கள், ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கரையின் உப்பு என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த பாலம். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி அரித்துப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று உப்புக்காகவே தனிச் செலவு. காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உலோகத் துண்டுகளைக் காற்றில் காயப்போட்டு அரிப்பை அளக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. பாலத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ட்ரெபிள் ஹூக், அந்த மும்முனை முள், எம்மாத்திரம்!

நனைவதைவிட மோசமானது காயாமல் இருப்பது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ராமேசுவரத்தில் பெரும்பாலான ராத்திரிகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டிவிடும். பகல் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த லூர் ராத்திரி பெட்டிக்குள்ளேயே மறுபடி நனைகிறது. ஆகவே இங்கே ஒரு பெட்டியை எத்தனை அறை இருக்கிறது என்று எண்ணி மதிப்பிட்டுப் பயனில்லை. உப்பை என்ன செய்கிறது என்பதே கேள்வி. அதை வைத்தே நாலு வகைப் பெட்டிகளைப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனி போட்டாலும் வகைக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

யாருக்காக இதெல்லாம்? முதலில் கொடுவா பிடிக்கிறவர்களுக்கு. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை முகத்துவாரம், காரங்காட்டு அலையாத்திப் பக்கம் போன்ற உவர்நீர் இடங்கள் கொடுவாவுக்கு உகந்தவை. ஆணாகப் பிறந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன் இது. சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இதைப் பிடித்துவைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது முதல் பண்ணைக்காரர்களுக்கும் வேண்டியதாகிவிட்டது. செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும், தாடை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அதனால் கனத்த லீடர், முரட்டு ஹூக், மாற்றி மாற்றிப் போட நாலு வித லூர் என்று சாமான் தானாகவே பெருகிவிடும். பாரைக்கும் ஊளிக்கும் போகிறவர்கள் பாடு இதற்கு மேல்.

முதல் வகை, அந்தச் சாதா 3700. இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எடை கிடையாது, விலை கம்மி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். கீல் தனி இரும்புக் கம்பியில்லாமல் பிளாஸ்டிக்கையே மெலிதாக மடித்துச் செய்தது. அதில் துருவுக்கு வேலையே இல்லை. வாங்கும்போது இந்த ஒன்றைக் கவனித்தால் போதும்: பின்புறக் கீலில் உலோகக் குச்சி ஓடினால் அந்தப் பெட்டி வேண்டாம். தடுப்புகளுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு நூல் சந்து இருக்கும். சின்ன சுவிவலும் ஸ்னாப்பும் அதில் நழுவி அடுத்த அறைக்குக் குடிபோய்விடும். பொடிச் சாமானுக்கு அதனால் இது ஆகாது. வெயிலில் கிடந்தால் கொண்டி முதலில் வெளுத்து, பிறகு ஒரு நாள் ‘டக்’ என்று கையோடு வந்துவிடும்.

பெரிய குறை தண்ணீர் வெளியேற வழியில்லாதது. அதற்கு வைத்தியம் சுலபம். கம்பியை அடுப்பில் காய்ச்சி அடித்தட்டில் அறைக்கு ஒன்றாகத் துளை போடுங்கள், மூடியிலும் நாலு. பட்டாணி அளவு போதும், ட்ரெபிள் ஹூக் வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. துளை போட்ட பிறகு சாமானைப் பெட்டியோடு வாளியில் முக்கி எடுக்கலாம், தூக்கினால் தண்ணீர் தானாக இறங்கும். நூறு ரூபாய்ப் பெட்டி ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்குச் சமமாகிறது என்று கூடச் சொல்லுவேன், கரையில் இருக்கும் வரைக்கும்.

இரண்டாவது வகை, சுற்றிலும் ரப்பர் வளையம் வைத்த ‘வாட்டர்ப்ரூஃப்’ பெட்டி. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்து வாளித் தண்ணீரில் அழுத்திப் பிடித்தேன். தாள் நனையவில்லை. சொன்னதைச் செய்கிறது. சிக்கலும் அங்கேதான். தண்ணீர் உள்ளே போகாத பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேயும் வராது. கரையில் நின்று லூர் மாற்றும்போது கை ஈரம், லூர் ஈரம். ஒரே ஒரு நனைந்த பாப்பர் லூரை உள்ளே போட்டு மூடிவிட்டால் போதும், ஈர அகப்பை பட்ட ஊறுகாய் ஜாடியாகிவிடும். வெயிலில் உள்காற்று சூடேறி, பொழுது சாய்ந்ததும் மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வேர்வை ஒவ்வொரு ஹூக்கின் மேலும் சொட்டும். தனுஷ்கோடி மாதிரி இடத்தில் மணல் வேறு. ரப்பர் வளையத்தில் நாலு மணல் ஒட்டினால் அடைப்பு போச்சு.

ஆனால் இதே பெட்டி வீட்டில் அலமாரிக்குள் ராஜா. கழுவி, நன்றாகக் காய்ந்த லூர்களை வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு மூடினால் மாதக்கணக்கில் கவலையில்லை. ஜெல் நிறம் மாறும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையாகிவிட்டால் அதன் வயிறு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதை வெயிலில் காயவைத்துப் பலனில்லை, நம் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. துணிப் பொட்டலத்திலிருந்து கொட்டி, 120 டிகிரி அடுப்பு அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். சமையல் பாத்திரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது வகை விலை கூடியது. பிளாஸ்டிக்கிலேயே துருத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அல்லது தடுப்புத் தகடுகளில் இருக்கும். பிளானோவின் ‘ரஸ்ட்ரிக்டர்’, ஃபிளாம்போ பெட்டிகளில் வரும் ‘ஸீரஸ்ட்’ எல்லாம் இந்த ஜாதி. மருந்து மெல்ல ஆவியாகி உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். பெட்டி மூடியிருக்கும் வரைக்கும்தான் அந்த ஆவி உள்ளே நிற்கும். கடற்கரைக் காற்றில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து மூடுகிறவனுக்கு அது என்ன காவல் காக்கும்? உப்பு ஏற்கெனவே படிந்த ஹூக்கையும் அது கைவிட்டுவிடும். இன்னும் உறை பிரிக்காத ஹூக்குகள், ஸ்ப்ளிட் ரிங், மாற்று ஸ்னாப் ஆகியவற்றுக்கு இந்தப் பெட்டி அருமை. அவ்வளவுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும், முழு செட்டையும் வாங்க வேண்டியதில்லை.

நாலாவது, பெட்டியே அல்ல. மெட்டல் ஜிக் வைக்கும் வலைப் பை. கித்தான் உறையில் வரிசையாக வலைப் பாக்கெட்டுகள், சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பாக்கெட்டுக்கு ஒரு ஜிக். காற்று ஊடுருவும், தண்ணீர் சொட்டும், ஹூக் ஒன்றோடொன்று சிக்காது. பாறையில் நின்று போடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. ஜிப் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோக ஜிப் உப்பில் கட்டிப்போய் இரண்டு கையாலும் திறக்க வராது. பாம்பன் தெற்குவாடியில் இதை விரித்துக் காட்டியபோது வயதான மீனவர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, முள்ளுக்கு மெத்தை எதுக்கு? தொங்குனாப் போதும்ல.” பின்னே, நூற்றுக்கணக்கான முள்ளோடு நெடுந்தூண்டில் போடுகிறவர்கள் கூடையின் விளிம்பில் முள்ளை வரிசையாகக் குத்தி, கயிற்றை உள்ளே வட்டமாக இறக்கிவைக்கிறார்கள். விடும்போது ஒன்றுகூடச் சிக்காமல் வரிசையாக வெளியே ஓடும். கயிறு காயும், முள்ளும் காயும், எது எங்கே என்று தேட வேண்டியதில்லை. இந்த வலைப் பை அதே யோசனைதான், கூடவே ஒரு பிராண்டு ஒட்டியிருக்கிறது.

சரி, பெட்டி கிடைத்துவிட்டது. எதை எதோடு வைப்பது? அமெரிக்க வீடியோக்களைப் பார்த்தால் லூர் ஜாதிக்கு ஒரு பெட்டி: மின்னோவுக்கு ஒன்று, பாப்பருக்கு ஒன்று, ஜிக்குக்கு ஒன்று. படகில் இருபது பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு அது சரி. நமக்கு இரண்டு கடல். வாடைக் காலத்தில் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா முறைக்கும். தூண்டில்காரன் காற்றைப் பார்த்து அடங்கிய பக்கம் போகிறவன். ஆகவே எனக்குப் பெட்டியும் இரண்டு, வடகடல் பெட்டி, தென்கடல் பெட்டி. வடகடல் பெட்டியில் ஆழம் குறைந்த, கலங்கிய தண்ணீருக்கான சாமான்: வாலாட்டும் சாஃப்ட் பெய்ட், ஜிக் ஹெட், மேலோட்டமாக நீந்தும் மின்னோ, கொடுவாவுக்கான கனத்த லீடர். தென்கடல் பெட்டியில் பாப்பர், ஆழம் போகும் மின்னோ, ஊளியும் சீலாவும் கடித்துத் துண்டிக்காமலிருக்கக் கம்பி லீடர். கணவாய் ஜிக்கைத் தனியாக வையுங்கள். அதன் முள் கிரீடம் மற்ற எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும். காலையில் வாசலில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். இன்னொன்று வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் எந்தப் பெட்டியும் வேண்டாம்.

சாஃப்ட் பெய்ட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். அதை மிருதுவாக்கக் கலக்கும் எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். மலிவுப் பெட்டியில் போட்டுவைத்தால் அடித்தட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும். ‘இலாஸ்டெக்’ ரகத்தையும் சாதா ரகத்தையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் கூழாகும். வாங்கிய உறையிலேயே இருக்கட்டும், அதுவே நல்லது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகவும் கூடாது. ஈயக்குண்டுகளுக்கும் தனி டப்பா. உப்பு பட்டு ஈயத்தின்மேல் பூக்கும் வெள்ளைப் பொடி நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.

கழுவுவது பற்றி இங்கே எழுதும்போது கூசுகிறது. ‘குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் காட்டுங்கள்’ என்று வெளிநாட்டுக்காரன் எழுதுவான். தனுஷ்கோடியில் மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியில் அள்ளிக் குடிக்கிற சனத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியுமா? அரை வாளி நல்ல தண்ணீர் போதும். துளை போட்ட பெட்டியை அப்படியே முக்கி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, எடுத்து உதறி, நிழலில் காற்றோட்டமாகக் கவிழ்த்துவிடுங்கள். தெளித்துவிடுவதைவிட ஊறவிடுவதில் உப்பு நன்றாகக் கரையும், தண்ணீரும் கம்மி. மிஞ்சிய தண்ணீரில் ரீலின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கணக்கு இது. துளை போட்டுக்கொள்ளச் சாதா 3700 இரண்டு, கடலுக்கு ஒன்றாக. வீட்டுக்கு ஒரே ஒரு ரப்பர் வளையப் பெட்டி. அதற்கும் காசு இல்லையென்றால் நாலு பக்கமும் கொண்டி போட்ட சமையலறை டப்பா அந்த வேலையைத் தொண்ணூறு சதவீதம் செய்துவிடும், தடுப்பு மட்டும் இருக்காது. ஜிக் போடுகிறவரென்றால் வலைப் பை கட்டாயம். மருந்து கலந்த விலைப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில், லூரோடு வரும் மட்டமான ட்ரெபிள் ஹூக்குகளைக் கழற்றிவிட்டுத் தகரம் பூசிய கடல் ஹூக்குகளாக மாற்றிவிடுங்கள். வெண்கல நிறத்தில் மின்னும் ஹூக் ஏரிக்கானது, ஒரே இரவில் பழுத்துவிடும். தகரம் பூசியது மங்கலாக, அழகில்லாமல் இருக்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே விலைக்கு நீட்டினாலும் மங்கலானதையே எடுங்கள்.