பக்கமா, பனுவலா?

மின்வாசிப்பானில் படிக்க எந்த நாளிதழ் தகும் என்ற கேள்வியை மலேசியாவின் சுவாவிலிருந்து கேட்டால் அதற்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. போர்ட்டிக்சன் மாவட்டத்துத் தோட்டங்களில் நாளிதழ் தனியாள் பண்டமாக இருந்ததில்லை. ஒருவர் வாங்குவார், ஒருவர் உரக்கப் படிப்பார், லயத்து ஆட்கள் கேட்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின்னும் கடை மேசையில் கிடக்கும் தாளைப் பத்துப் பேர் புரட்டுகிறார்கள். வாசிப்பானோ ஒற்றை ஆளின் கருவி. இந்த முரண் உண்மைதான். ஆனால் ஏக்கத்தை அளவுகோலாக்கினால் திறனாய்வு நினைவஞ்சலியாகிவிடும். கருவி என்ன கேட்கிறது, இதழ் என்ன தருகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

வாசிப்பானின் மின்மைத் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவழிக்கிறது. கண்ணில் ஒளியைப் பாய்ச்சுவதில்லை. செம்பனைத் தோட்டத்து உச்சிவெயிலிலும் எழுத்து மங்காது. கறுப்பு வெள்ளைத் திரையில் இருப்பவை 16 சாம்பல் நிலைகள். அதன் குறை, மெதுவாகப் புதுப்பித்துக்கொள்வது. நெடிய கட்டுரைக்கு உகந்த இத்திரை, இழுத்தும் பெருக்கியும் பார்க்க வேண்டிய எதற்கும் உகந்ததல்ல. ஆகவே வாசிப்பானுக்கு வரும் இதழிடம் நாம் கேட்பது இரண்டு: எழுத்து திரைக்கேற்ப மடங்கி ஓடவேண்டும், இதழுக்கு முதலும் முடிவும் இருக்கவேண்டும். முதலாவது பனுவலின் தகுதி, இரண்டாவது பதிப்பின் தகுதி. தமிழில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை என்பதே என் வழக்கு.

நாளிதழ்களின் மின்னிதழை எடுத்துக்கொள்வோம். அது அச்சுப் பக்கத்தின் நிழற்படம். 6 அங்குலத் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். அகலத்தாள் ஒன்றை 35க்கு 55 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தை அச்சளவில் படிக்கப் பதினேழு, பதினெட்டுத் திரைகள் வேண்டும். 10.2 அங்குலக் கருவி வாங்கினாலும் ஆறு திரை. சரி, படத்தை விட்டு எழுத்தை உருவி எடுக்கலாம் என்றால் அங்கே எழுத்துரு குறுக்கே நிற்கிறது. பக்க வடிவமைப்பில் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் புழங்கும் இடங்களில், உருவியெடுத்த தமிழ் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே வந்து விழுகிறது. நான் சோதித்த ஓர் இதழில் தலைப்புகள் மட்டும் தமிழாக வந்தன, உடல் முழுதும் குப்பை. மின்னிதழுக்கு ஒரு பெருமை உண்டு: பதிப்பாசிரியரின் கை அதில் அப்படியே இருக்கிறது. எது முதல் பக்கம், எது மூலை என்ற தீர்ப்பு அழியவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை வாசிக்க முடியாத வடிவில் தருவது பாதி வேலை.

மறுபுறம் இணையச் செய்தித்தளங்கள். இங்கே எழுத்து தூய ஒருங்குறி. இதில் மலேசியர் கூச்சப்பட ஒன்றுமில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி, ஆப்பிள் கணினிகளுக்கும் தமிழ் எழுத்துரு தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர், 2012இல் தொடங்கிய செல்லியல் செய்தித்தளத்திலும் அவர் கை உண்டு. தளத்து எழுத்து எந்தத் திரையிலும் ஓடும். ஓடுவதே குறையும் ஆகிறது: செய்தி உண்டு, இதழ் இல்லை. மணிக்கு மணி சேரும் துணுக்குகளுக்கு விடியலும் கிடையாது, முடிவும் கிடையாது. வாசிப்பான் அமைதியாக உட்கார்ந்து படிக்கச் செய்த கருவி. அதில் துணுக்கைக் கொட்டுவது பூஜை மணியை வாசல் மணியாக்குவது போல.

இரண்டையும் இணைத்த முன்மாதிரி ஒன்று இருந்தது. 2007இல் கிண்டில் வாசிப்பான் வந்தபோதே நாளிதழ்ச் சந்தாவும் வந்தது. காலையில் இதழ் தானாக இறங்கும், பகுதிவாரியாக விரியும், கடைசிக் கட்டுரையோடு முடியும். படங்களில் ஏழ்மை, ஆனால் வடிவத்தில் நிறைவு. 2023 செப்டம்பரில் அமேசான் அதை நிறுத்தியது. ஒரே வணிகரை நம்பிய வடிவம் அவர் கடை சாத்தியதும் மறைந்தது.

அதற்கு மாற்றாக நிற்பது கோவித் கோயல் 2006 முதல் வளர்த்துவரும் காலிபர் என்ற இலவச மென்பொருள். 'ரெசிப்பி' எனப்படும் சிறு நிரல், இதழின் தளத்துக்குச் சென்று கட்டுரைகளைப் பொறுக்கி, விளம்பரத்தை உதிர்த்து, பகுதி பிரித்துக் கட்டித் தருகிறது. தி இந்து ஆங்கில நாளிதழுக்கான ரெசிப்பி அதில் உண்டு. எது கட்டுரை, எது சருகு என்று தீர்மானிப்பதால் இதை நான் பதிப்புப் பணி என்றே மதிப்பேன். தளத்தின் அமைப்பு மாறிய நாளில் பசி தீராது என்பது இதன் குறை.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமையும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கி இருபுறமும் சமன் செய்தால் வரிக்கு இரண்டே சொல் நின்று நடுவில் வெள்ளைப் பள்ளம் விழும். அச்சில் குறுகிய பத்தி, சொல்லை நினைத்த இடத்தில் உடைத்து இதைச் சமாளித்தது. வாசிப்பானில் இடப்புறம் மட்டும் சமன் செய்வதே தீர்வு. அமைப்புப் பட்டியலில் ஒரு தட்டு. அதைச் செய்யாமல் தமிழ் இதில் படிக்க வராது என்று தீர்ப்பெழுதுகிறவர்களை நம்பவேண்டாம்.

இனி உள்ளடக்கம். மலேசியத் தமிழ் நாளிதழின் பெருஞ்சாதனை எது? செய்தி என்று நான் சொல்லமாட்டேன். ஞாயிறு பதிப்பு. தமிழ் நேசனில் 1950 வாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பும், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றமும் வாசகனை எழுத்தாளனாக்கின. 1924இல் பிறந்த நேசன் 2019இல் நின்றபோது போனது வெறும் நாளிதழ் அன்று, அந்தப் பள்ளிக்கூடத்தின் கட்டடமும்தான். சிறுகதை, தொடர், கவிதை, வாசகர் கடிதம் எல்லாம் வாசிப்பானுக்கென்றே பிறந்த வடிவங்கள். நான் பார்த்தவரை, இன்றைய ஞாயிறு பக்கங்களில் பெரும்பகுதி மின்னிதழின் படத்துக்குள் சிறைப்பட்டிருக்கிறது. தளத்தில் ஏறுவது அன்றாட அரசியலும் விபத்தும். கருவிக்கு உகந்ததைப் பூட்டிவைத்து உகவாததைத் திறந்துவிடும் இந்த முறைமைக்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்கு ஏற்பில்லை.

ஒப்பிடத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2013இல் 'தி இந்து' என்று தொடங்கிப் பின்னர் இந்து தமிழ் திசை ஆன நாளிதழின் நடுப்பக்கம் ஒருங்குறியில் கிடைக்கிறது. கட்டுரைக்கு வாதம் இருக்கிறது, வாதத்துக்கு நீளம் இருக்கிறது. திரையில் மாற்றிப் பார்த்தால் இழப்பு குறைவு. ஆனால் சுவாவுக்கு அதில் இடமில்லை. காவிரி வழக்கின் நுணுக்கம் தெரிந்துகொள்வேன். லுக்குட் சாலையில் என்ன நடந்தது என்று தெரியாது.

எந்தப் பனுவல் மாற்றத்திலும் உதிர்ந்துவிடும் ஒன்றையும் கணக்கில் வைக்கவேண்டும்: மரண அறிவிப்பு. படத்தோடு, பிள்ளைகள் மருமக்கள் பெயர் வரிசையோடு, எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்ற குறிப்போடு வரும் அந்தக் கட்டத்தை ரெசிப்பி விளம்பரமென்று தள்ளிவிடும். நிரலின் தர்க்கம் சரி. எங்கள் ஊரில் பலர் இதழைத் திறப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

ஆகவே என் தேர்வு இப்படி. வாசிப்பானில் இந்து தமிழ் திசையின் நடுப்பக்கக் கட்டுரைகளை வாரத்துக்கு ஒருமுறை தொகுத்து ஏற்றுகிறேன், முதலிடம் அதற்கு. மலேசிய இதழ் எதற்கும் அந்தத் திரையில் இப்போது இடம் தர இயலவில்லை. மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ தமிழ் மலரோ, ஞாயிறு பதிப்பை ஒருங்குறியில் தனிக் கோப்பாகத் தரும் முதல் இதழுக்கு இடம் காலியாக இருக்கிறது, சந்தாப் பணமும் எடுத்துவைத்திருக்கிறேன். அதுவரை மூன்றில் கடைக்கு எது வருகிறதோ அதைத் தாளாகவே வாங்குகிறேன். மரண அறிவிப்புப் பக்கத்தை முதலில் திருப்புகிறேன்.