பனிமலைச் சரிவில் நிலத்தடி வீடு: ஓலர் முறையின் நீர்க்காப்பு

நிலத்தடி வீட்டுக்கு மழையைவிடப் பனி பெரிய சோதனை. மழைநீரில் பெரும்பகுதி பெய்த வேகத்திலேயே ஓடி வடிந்துவிடும். பனி நவம்பரில் விழத் தொடங்கி மார்ச் வரை கூரைமேலேயே கிடக்கும். பிறகு வெயில் ஏறும் சில வாரங்களில் ஒட்டுமொத்தமாகத் தண்ணீராகும். மேல்மண் உறைந்தே இருக்கும் இடங்களில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்க வழியின்றிச் சரிவின் மேலேயே வழிந்து வருகிறது. வீட்டைச் சுற்றித் தோண்டிப் பின்னர் நிரப்பிய மண்ணோ தளர்வானது, உள்ளே எரியும் அடுப்பின் வெப்பத்தால் சீக்கிரம் இளகுவது. ஆகவே மலையில் வடியும் தண்ணீர் அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுவரோரம் கோத்துக்கொள்கிறது. அங்கே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் விழும். நீர்க்கசிவைத் தடுப்பதாகச் சொல்லப்படும் எந்தத் தாளையும் பூச்சையும் இந்த அழுத்தத்தை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வட மலைப்பகுதியில், பானர்ஸ் ஃபெர்ரி என்ற சிற்றூர் வட்டாரத்தில், மைக் ஓலர் என்பவர் 1971-ல் 50 டாலர் செலவில் ஒரு நிலத்தடிக் குடில் கட்டினார். சில ஆண்டுகளில் அதைப் பெரிதாக்கியபோதும் மொத்தச் செலவு 500 டாலர் அளவிலேயே நின்றது. 1978-ல் அவர் வெளியிட்ட நூல், கையில் பணமில்லாமல் மலையில் கொஞ்சம் நிலம் மட்டும் வைத்திருந்தவர்களிடையே பரவியது. முறை எளிது. சரிவைக் குடைந்து மரக்கம்பங்களை ஊன்ற வேண்டும். கம்பங்களுக்கு வெளிப்புறம் பலகைகளை அடுக்கி மண்ணைத் தாங்க வேண்டும். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே பாலித்தீன் தாளை விரிக்க வேண்டும். கூரையும் இதே கதைதான்: பலகை, தாள், சில அங்குல மண், மறுபடி ஒரு தாள், அதற்குமேல் புல் வளரும் மண். காங்கிரீட் இல்லை, தார் இல்லை, கொத்தனாருக்கு வேலையில்லை.

இந்த முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் தாளைத்தான் பேசுகிறார்கள். ஓலரின் உண்மையான சாதனை தாளில் இல்லை. வீட்டின் மேட்டுப்பக்கத்தில் அவர் தோண்டச் சொன்ன திறந்த முற்றத்தில் இருக்கிறது. சரிவில் நிலத்தடி வீடு கட்டுகிறவருக்குச் சட்டென்று தோன்றுவது, பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு முகப்பை மட்டும் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் மண்ணுக்குள் விடுவது. அப்படிக் கட்டினால் பின்சுவர் ஓர் அணைக்கட்டாகிவிடும். மேலிருந்து வரும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. ஓலர் அந்த அமைப்பை வெளிப்படையாகவே கண்டித்தார். பின்சுவருக்கு மேலே மண்ணை வெட்டி எடுத்து, படிப்படியாக உயரும் முற்றம் ஒன்றை அமைத்தால் வழிந்து வரும் தண்ணீர் சுவரில் மோதுவதற்கு முன் அந்தப் பள்ளத்தில் இறங்கும். அங்கிருந்து பக்கவாட்டு வடிகாலில் வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விடும். பின்சுவருக்குச் சன்னலும், அவசரத்துக்கு இன்னொரு வாசலும் கிடைக்கின்றன. தண்ணீரைத் தடுத்து நிறுத்தாமல் அதற்கு வழிவிடும் இந்த ஏற்பாடு, தாள் கிழிந்தாலும் கெடாது. அது மண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

முற்றத்துக்கும் பனிநாட்டில் ஒரு விலை உண்டு. காற்றில் அடித்து வரும் பனி, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வந்து குவியும். குளிர்காலம் முழுவதும் அள்ளிக் கொட்டாவிட்டால், உருகும் பருவத்தில் வீட்டின் பின்சுவரை ஒட்டியே ஒரு பனிக்குளம் உருவாகும். முற்றத்து வடிகாலின் வாய் உறைந்து அடைபட்டால், காப்பாற்ற வந்த பள்ளமே தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியாகிறது. வடிகால் குழாய் பெரிதாக, நல்ல வாட்டத்துடன் இருக்க வேண்டும். வாய் வெயில் படும் தெற்குச் சரிவில் திறக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் கருங்கல் ஜல்லியும், ஜல்லியில் மண் கலக்காமல் காக்க வடிதுணியும் வேண்டும். குளிர்நாட்டு வடிகால்கள் நடுவில் கெடுவதைவிட வாயில் கெடுவதே அதிகம்.

கூரையில் இரண்டு தாள்களுக்கு நடுவே மண் வைத்தது நல்ல யோசனை. மேல்தாள் பெரும்பகுதித் தண்ணீரைத் திருப்பிவிடும். அதைத் தாண்டி இறங்கும் கொஞ்சத்தைக் கீழ்த்தாள் பார்த்துக்கொள்ளும். இதன் மூதாதை நார்வேயின் புல்கூரை. அங்கே பூர்ஜ மரப்பட்டையை, கீற்று வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் பரப்பி, அதன்மேல் புல்கரணையை வைத்தார்கள். புல்மண்ணின் வேலை பட்டையை அழுத்திப் பிடிப்பதும் குளிரைத் தடுப்பதும். நீரைத் தடுத்தது பட்டை. காஷ்மீரிலும் மண்கூரைக்கு அடியில் இமயத்துப் பூர்ஜப் பட்டையைப் பரப்பினார்கள். வட இந்தியாவின் பழைய ஏடுகளுக்கு உதவிய அதே பட்டை. பட்டைக்கூரையில் ஒட்டிய மூட்டு என்று ஒன்றுகூட இல்லை. அடுக்கும் வாட்டமும் மட்டுமே அதைக் காத்தன. ஒரு துண்டு கிழிந்தால் அடுத்த துண்டு வேலையை ஏற்றுக்கொள்ளும்.

பாலித்தீனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓலர் சொன்னபடி, வெயில் படாமல் புதைந்த பாலித்தீன் நெடுங்காலம் மட்காமல் கிடக்கும். அவர் கணக்கு அதுவரை சரி. தாள் கெடுவது வேதியியலால் அல்ல, குத்துப்பட்டு. மலைமண்ணில் கல் அதிகம். பள்ளத்தை நிரப்பும்போது கூர்முனை உள்ள ஒரு கல் தாளின்மேல் விழுந்து, அதன்மேல் அரை டன் மண் இறங்கினால் போதும். கால் மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத தாள் அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்து ஓட்டையாகும். மண்ணில் வளை தோண்டும் எலிகளும் வேர்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு சிக்கல், பாலித்தீன்மேல் எந்தப் பசையும் உறுதியாகப் பிடிப்பதில்லை. இரண்டு தாள்கள் சந்திக்கும் இடத்தில் நாடா ஒட்டியவர்கள், மண்ணின் ஈரத்திலும் குளிரிலும் அந்த நாடா விட்டுக்கொடுப்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிகிறார்கள்.

எல்லாவற்றிலும் பலவீனமான இடம் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் வளையம். அடுப்பு எரியும்போது குழாய் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள பனி உருகி ஒரு கிண்ணம்போலக் குழிகிறது. பகலில் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். இரவில் அடுப்புத் தணிந்ததும் அது உறைந்து, ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு விரிந்து, தாளுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மூட்டைச் சிறிது நெம்பிவிடும். மறுநாள் உருகிய நீர் அந்த இடைவெளியில் இறங்கி மறுபடி உறையும். சரிவில் பனி மெல்ல நகரும்போது குழாயையும் பக்கவாட்டில் தள்ளும். தகர உறையும் மேல்நோக்கி மடித்துக் கட்டிய தாளும் இல்லாமல், வெறும் நாடாவை நம்பி விட்ட வளையம் இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிகம். கசிவு எங்கே தொடங்கியது என்பதும் தெரியாது. தாளின் அடியில் ஓடி, பத்தடி தள்ளி ஒரு பலகை இடுக்கில் சொட்டும். அதைச் சரிசெய்யக் கூரை மண் முழுவதையும் அள்ள வேண்டியிருக்கும்.

கசிவு வெறும் ஈரப் பிரச்சினை மட்டுமல்ல. அரை மீட்டர் ஈரமண் சதுர மீட்டருக்கு ஒரு டன்னை நெருங்கும். அதன்மேல் ஒரு மீட்டர் ஈரப்பனி விழுந்தால் இன்னும் 400 கிலோ வரை கூடும். மரம் உளுத்த பிறகு இந்தச் சுமை தலைக்குமேல் நிற்கிறது என்பதை, மலிவை மட்டும் பார்த்துக் கட்டுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஓலர் முறையின் மிகப் பெரிய குறை வெளியிலிருந்து வரும் தண்ணீரில் இல்லை, உள்ளேயே பிறக்கும் தண்ணீரில். 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்று, 9 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் பட்டாலே அங்கே நீர் படியத் தொடங்கும். மலைமண்ணில் கூரையை ஒட்டிய மேல்பகுதி, குளிர்காலத்தில் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். தூங்கும் ஒருவரின் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தைக் காற்றில் சேர்க்கின்றன. சமையலும் உலரப்போட்ட துணியும் தனி. இந்தக் காற்று பலகை இடுக்கு வழியே போய், மண்ணை ஒட்டிய குளிர்ந்த தாளின் உட்புறத்தில் வியர்த்து, பலகையின் முதுகை நனைக்கிறது. அறையிலிருந்து பார்த்தால் பலகை காய்ந்தே தெரியும். தாள் நன்றாக வேலை செய்யும் வீட்டிலும், தாளுக்கும் அறைக்கும் நடுவே அடைபட்ட மரம் பூஞ்சணம் பிடித்து மட்குவது இதனால்தான். வசந்தத்தில் வெளிக்காற்று வெதுவெதுப்பாகி உள்ளே நுழையும்போதும் இதே கதை நடக்கிறது; குடியிருப்பவர்கள் அதைக் கசிவு என்று எண்ணி வெளியில் இன்னொரு தாளைப் புதைக்கிறார்கள். ஒரு சாதாரணச் சோதனை போதும். சிமெண்டுச் சுவரிலோ கல்சுவரிலோ ஒரு சாண் பாலித்தீனை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். அறைப்பக்கம் நனைந்தால் அது வியர்வை. சுவர்ப்பக்கம் நனைந்தால் அது கசிவு.

இந்த உள்வியர்வைக்கு நேர் விடை கண்டவர் ஐடஹோவின் பக்கத்து மாநிலமான மான்டானாவின் ஜான் ஹெய்ட். மிசூலாவைச் சேர்ந்த அவர் 1983-ல் வெளியிட்ட நூலில் தாளை வீட்டின்மேல் சுற்றச் சொல்லவில்லை. நிலத்தின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தெர்மோகோல் போன்ற காப்புப் பலகைகளையும் பாலித்தீன் தாள்களையும் மாறி மாறி அடுக்கி, சுவரைத் தாண்டி ஆறு மீட்டர் வரை குடைபோல விரிக்கச் சொன்னார். குடைக்குக் கீழே உள்ள மண் காய்ந்திருக்கும். காய்ந்த மண் கோடை வெப்பத்தைச் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் சுவரை வெதுவெதுப்பாக வைக்கும். வெதுவெதுப்பான சுவர் வியர்க்காது. உறைபனி அடிமட்டத்துக்கு இறங்காததால் மண் பொங்கிச் சுவரை நெம்பும் அபாயமும் குறைகிறது. செலவும் தோண்டும் பரப்பும் பல மடங்கு என்பது இதன் குறை. கீழிருந்து ஊறும் நிலத்தடி நீருக்கும் குடையால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட நிலத்தைத் தவிர்ப்பதே வழி.

சுவிட்சர்லாந்து வேறு வழியில் போனது. போர்க்காலத்தில் மக்களைக் காக்க நிலத்தடிக் காப்பறைகள் கட்டச் சொன்ன 1963 சட்டத்துக்குப் பிறகு அங்கே கட்டப்பட்டவை இன்று ஏறக்குறைய 3,70,000. அவற்றின் சுவர் கனமான இரும்புக்கம்பிக் காங்கிரீட். ஐரோப்பாவின் ஜெர்மன் பேசும் பகுதிகளில் விரிசல் அகலத்தைக் கட்டுப்படுத்தி, காங்கிரீட்டையே நீர்க்காப்பாக்கும் முறை நன்கு வேரூன்றியது. காங்கிரீட் மட்காது, கசிந்தால் கசியும் இடம் உள்ளேயே தெரியும், அங்கேயே பிசின் செலுத்தி அடைக்கலாம். தாளுக்கு இல்லாத பெரிய நன்மை அது. ஆனால் தனி மனிதர் ஒருவர் மலைமேல் மண்வெட்டியோடு செய்யக்கூடிய வேலை அல்ல அது.

இடைப்பட்ட வசதி உள்ளவர்களுக்குப் பாலித்தீனைவிட ரப்பர் தாள் நல்லது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த அது கடுங்குளிரிலும் வளையும். கூரை முழுவதையும் மூட்டில்லாமல் மூடும் அளவில் கிடைக்கும். தானே ஒட்டும் தார்த்தாள் சுமார் 5 டிகிரிக்குக் கீழே சரியாக ஒட்டாது என்பதால், மலையில் அதைக் கோடையில் மட்டுமே நம்பிப் போடலாம்.

ஓலரின் முறையில் நிலைத்து நிற்கத் தக்கது நிலத்தை வெட்டி அமைத்த விதம். கைவிட வேண்டியது மெல்லிய தாளும், அதற்குள் அடைபட்ட காப்பில்லாத மரமும். பணம் குறைவு என்றால் தாளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஜல்லிக்கும் வடிகாலுக்கும் முதலில் செலவிடுவதே முறை. நிலம் வாங்கியவர் மண்வெட்டியை எடுப்பதற்கு முன், பனி உருகும் பருவம் ஒன்றிலாவது அந்தச் சரிவில் நின்று தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, அந்த வழிகளில் முளையடித்துக் குறித்து வைக்க வேண்டும். பிறகே வீட்டின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.