கறுப்பு விரலை அறுத்துப் பாருங்கள்

மழை விட்டதும் காளான் பார்க்கக் கிளம்புகிறவர்கள் குடை விரித்தவற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அமிர்தி, ஏலகிரிப் பக்கத்துக் காடுகளில் மட்கிய கட்டையிலிருந்து மெலிந்து எழுந்து, நுனி மட்டும் பருத்து நிற்கும் சைலேரியா என்ற கறுப்புக் காளானைக் கரிக்குச்சி என்று மிதித்துப் போகிறார்கள். அடையாளம் காண அடிப்படை இவ்வளவுதான்: கட்டையில் நிற்கிறதா மண்ணிலா, கிளை உண்டா, ஒடித்தால் பொசுக்கென்று முறிகிறதா, முரண்டு பிடிக்கிறதா. உருவத்தை நம்பாதீர்கள். கதாயுத வடிவம் உறவில்லாத பல குலங்களில் தனித்தனியே தோன்றியது. லின்னேயஸே 1753இல் சைலேரியா ஹைபாக்சிலானைக் கிளவேரியா என்ற வேறொரு கதாயுதக் காளான் இனத்தோடு சேர்த்துவிட்டார்.

சைலேரியாவையும் கிளவேரியாவையும் பிரிக்கும் கோடு தோலுக்கு அடியில் இருக்கிறது. முதிர்ந்த சைலேரியா ஒன்றைப் பிளேடால் குறுக்கே அறுங்கள். நடுவில் வெள்ளைச் சதை, விளிம்பை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடுவை. அதற்குள் நுண்பைகள், பைக்கு வழக்கமாக எட்டு வித்து, வெளியேற ஓர் ஊசித்துளை. கிளவேரியாவுக்குக் குடுவையே கிடையாது. வித்துகள் மேற்பரப்பில் திறந்தவெளியில் பிறக்கின்றன. பதம் உள்வரை ஏறியதா என்று தோலின் ஓரத்தை வெட்டிப் பார்க்கும் ஆம்பூர் டேனரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பாக இருந்தால் சைலேரியாதானே, அறுப்பானேன் என்பது மேம்போக்கு. இளசில் அது வெளிறிய மாப்பொடி பூசி நிற்கும். அந்தப் பருவத்தில் குடுவையும் இருக்காதே என்று மடக்கலாம். சரிதான், அப்போது சதையின் கடினத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப் இல்லாமல் ஆகாது என்போர் சிற்றினப் பெயரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். குலத்தைப் பிரிக்கப் பத்து மடங்கு லென்ஸ் தாராளம்.

இனி, உங்களுக்கு மட்டும் ஒன்று. மண்ணில் நிற்பதெல்லாம் மண்ணில் முளைத்ததல்ல. அடியில் பார்த்தால் வேர்போல் நீண்ட காம்பு, கைவிடப்பட்ட கரையான் கூட்டில் போய் முடியலாம். சைலேரியா நிக்ரிப்பஸ் அப்படிப்பட்டது. கரையான் குடியிருக்கும்வரை அடங்கிக் கிடந்து, கூடு காலியானதும் எழுகிறது. இலங்கையின் பேராதனையில் பணியாற்றிய காளான் ஆய்வாளர் பெட்ச் 1906இலேயே கரையான் கூட்டுக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். புற்றுக்காளானைக் குழம்பு வைக்கும் நாமோ இதைப் பார்த்தால் தின்னலாமா என்று கேட்கிறோம். மருந்தென்று விற்கும் கார்டிசெப்ஸ் காளான் பொடியில் மோகம் பிடித்தவர்கள் கிலோ என்ன விலை என்கிறார்கள். அவர்களை விடுங்கள். காம்பு எளிதில் அறுந்துவிடும், பிடுங்காதீர்கள். குச்சியால் மண்ணை விலக்கிக்கொண்டே போங்கள். கரையான் நடமாடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், புற்றுக்குள் கை மட்டும் விட வேண்டாம்.