டிப்ளமா பியானோ: அரை மணி நேரத்தின் லாபமும் நட்டமும்

எட்டாம் கிரேடு தாண்டிய பியானோ மாணவர் அடுத்துக் கண் வைப்பது பெரும்பாலும் லண்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் ஏ.ஆர்.எஸ்.எம். டிப்ளமா மீதுதான். 30 நிமிடம் வாசிக்க வேண்டும். அதில் 20 நிமிடமாவது அவர்கள் பட்டியலில் உள்ள உருப்படிகளாக இருக்க வேண்டும்; மற்றது நம் விருப்பம். ஸ்கேல் கிடையாது, வாய்மொழிக் கேள்வியும் கிடையாது.

இந்தத் தயாரிப்பில் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம், நிகழ்ச்சியை அமைக்கும் பழக்கம். கிரேடுத் தேர்வில் மூன்று நான்கு உருப்படிகளோடு வேலை முடிந்துவிடும். இங்கே பாக்கின் ஃபியூகில் தொடங்கலாமா, பேத்தோவன் சொனாட்டாவுக்குப் பிறகு ஷோப்பானுக்குக் கையில் தெம்பு மிஞ்சுமா என்றெல்லாம் முதன்முறையாக யோசிக்க வேண்டியிருக்கிறது. 50 மதிப்பெண்ணில் 20 நிகழ்ச்சி முழுமைக்கு என்பதால் இந்த யோசனை வீண்போவதில்லை. ஆனால் இப்போது வீடியோவாகவும் அனுப்பலாம். ஒரே மூச்சில் பதிய வேண்டும் என்பது விதி. எத்தனை தடவை பதிந்தோம் என்பது தேர்வாளருக்குத் தெரியப்போவதில்லை. மேடைத் துணிச்சலைச் சோதிக்கும் தேர்வு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. முன்பிருந்த டிப்.ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் வாசிப்புக்கு 60, எழுத்துக் குறிப்புக்கும் நேர்காணலுக்குமாக 25, முன்பின் பார்த்திராத ஓர் உருப்படியை ஐந்தே நிமிடத்தில் தயார்செய்து வாசிப்பதற்கு 15. நேர்காணல் போனதில் எனக்கு வருத்தமில்லை. விரல் பேசுமளவுக்கு ஆங்கிலம் பேச வராத சென்னை மாணவருக்கு அது வீண் சுமை. அந்த 15 மதிப்பெண் போனதுதான் நட்டம். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. நோட்டேஷனைப் பார்த்ததும் ஸ்வரக்கட்டும் தாளமும் மனதில் ஓட வேண்டும், அவ்வளவுதான். பாடகருக்குப் பக்கவாத்தியமாக அமர்பவருக்கும் சர்ச்சில் வாசிப்பவருக்கும் தினமும் வேண்டியது அந்தத் திறமைதான். ஓராண்டு ஒரே அரை மணி நேரத்தை மெருகேற்றியவர், அதைவிட எளிதான புது உருப்படியில் இரண்டாம் வரியிலேயே தடுமாறுவது சாத்தியம்.

டிஜிட்டல் பியானோவில் பழகியவருக்கு இன்னொரு தலைவலி: டெபுஸியில் பெடலைப் பாதி அழுத்தும் நுணுக்கம் நிஜப் பியானோவில் வேறாகக் கேட்கும். இதைச் சில வார வாடகையில் சரிசெய்துவிடலாம்.

பார்த்து வாசிக்கும் பயிற்சியை அப்படி வாடகைக்கு எடுக்க முடியாது. வாரம் ஒரு புது உருப்படி என்று ஆசிரியர் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் தேர்வில் கேட்காத ஒன்றுக்கு வகுப்பு நேரம் ஒதுக்கினால், கட்டணம் கட்டும் பெற்றோர் முதலில் கேட்பது "இதற்கு மார்க் உண்டா?" என்றுதான்.